டியூட்டிப் பட்டியலில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது: செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும், பணியிட மாற்றங்களை முடிவு செய்யும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். அவசர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி, புதிதாக வருகிறவர்களைப் பழக்கும் பொறுப்பையும் ஏற்றிருக்கும் ஒரு செவிலியர் எழுதும் மடல் இது. என் வேண்டுகோள் ஒன்றுதான். வார்டிலிருந்து ஒரு செவிலியரை எங்கள் பிரிவுக்கு மாற்றும்போது, அவரைத் தயார்படுத்த நேரம் ஒதுக்குங்கள். வருவதற்கு முன்பு சில நாட்கள், வந்த பிறகு சில வாரங்கள். அந்தக் காலம் முழுவதும் அவரை ஷிப்டில் வேலைக்கு இருக்கும் ஆள்கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது பெரும்பாலும் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். பட்டியலில் ஒரு பெயர் வேறு கட்டத்துக்கு நகர்கிறது. மறுநாள் காலை அந்தச் செவிலியர் எங்கள் வாசலில் வந்து நிற்கிறார். அன்றைக்குப் பார்த்து ஆள் குறைவு. அன்றைக்கே அவர் பொறுப்பில் சில படுக்கைகள். "சர்வீஸ் உள்ளவர்தானே, சமாளித்துக்கொள்வார்" என்கிறார்கள். சமாளிக்கத்தான் செய்கிறார். ஆனால் பயந்துகொண்டே சமாளிக்கிறார். கேட்டால் ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்று கேட்காமலே சமாளிக்கிறார். எங்கள் பிரிவில் எனக்கு மிகவும் அச்சம் தருவது, சந்தேகம் இருந்தும் கேட்காமல் செய்யப்படும் வேலைதான்.

வார்டு அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வேலையின் அடிப்படையே இங்கு வேறு என்பதைத்தான் சொல்ல வருகிறேன். வார்டுக்கு நோயாளி வரும்போது கூடவே கேஸ் ஷீட்டும் வருகிறது. என்ன நோய், என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று ஏற்கெனவே ஒருவர் யோசித்து எழுதியிருக்கிறார். எங்களிடம் வருகிறவர் வெறும் முறையீட்டோடு வருகிறார். "மயக்கமாக இருக்கிறது", "மேல்வயிறு எரிகிறது", "காலையிலிருந்து ஒரு மாதிரியாக இருக்கிறது". இந்த வார்த்தைகளுக்குப் பின்னால் உயிரைப் பறிக்கக்கூடியது ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்பதை, டாக்டர் வந்து பார்ப்பதற்கு முன்பே செவிலியர் சந்தேகித்தாக வேண்டும்.

பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள ஒரு மூதாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி என்ற பேச்சே இல்லை. மேல்வயிற்றில் எரிச்சல், குமட்டல், நெற்றியில் வியர்வை, அவ்வளவுதான். எங்கள் பிரிவில் பழகிய செவிலியர், வீட்டார் பேசி முடிப்பதற்குள் இ.சி.ஜி. மிஷினை இழுத்துவந்திருப்பார். மாரடைப்புச் சந்தேகம் உள்ளவருக்கு, வந்த 10 நிமிடங்களுக்குள் இ.சி.ஜி. எடுத்து டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட இலக்கு. சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமல் வரலாம் என்பது அவர் மனதில் பதிந்திருக்கிறது. இதயத்தின் கீழ்ப்பகுதியில் பாதிப்பு தெரிந்தால், யாரும் சொல்லாமலே மார்பில் ஒட்டும் லீடுகளை வலப்பக்கத்துக்கு மாற்றி இன்னொரு பதிவு எடுப்பார். வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தால், நெஞ்சு வலிக்கு வழக்கமாகக் கொடுக்கும் நைட்ரேட் மாத்திரை ரத்த அழுத்தத்தை மளமளவென்று இறக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். இத்தனையும் அவருக்குப் பாடப்புத்தகத்திலிருந்து மட்டும் வந்துவிடவில்லை. பக்கத்தில் நின்று ஒருவர் காட்டிக்கொடுத்ததால் வந்தது.

செவிலியர் பணித்திறன் எப்படி வளர்கிறது என்பதை ஆராய்ந்த பாட்ரீசியா பென்னர் 1980களில் ஐந்து படிநிலைகளைச் சொன்னார். புதியவர் என்ற முதல் படியில் தொடங்கி வல்லுநர் என்ற ஐந்தாம் படி வரை அது போகிறது. அதில் நம் நிர்வாகங்கள் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. ஒரு துறையில் கைதேர்ந்தவரும், தனக்குப் பழக்கமே இல்லாத வகை நோயாளிகளிடம் போகும்போது மீண்டும் முதல் படிக்கு வந்துவிடக்கூடும். சர்வீஸ் ஆண்டுகளை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு இது கண்ணில் படாது. மாற்றலாகி வந்த அந்த மூத்த செவிலியருக்கோ இது முதல் நாளிலேயே உறைத்துவிடும். நேற்று வரை எல்லோரும் தன்னிடம் வந்து கேட்ட நிலை போய், இன்று கையுறை வைத்திருக்கும் டிராலி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் நிற்பது சாதாரண வலி இல்லை. அதனால்தான் அவர் வாய் திறந்து கேட்பதில்லை.

ஆகவே முதல் ஏற்பாடு, அவர் வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முழுமையாகப் போட்டிருக்கிறாரா, எதிர்ப்புச் சக்தி உருவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஊசி குத்திவிட்டால் யாரிடம் சொல்வது, எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எங்கே வாங்குவது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய மருந்து அது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பிறகு, பழைய வார்டு டியூட்டியில் இருக்கும்போதே எங்கள் பிரிவுக்குச் சில ஷிப்டுகள் பார்வையாளராக அனுப்புங்கள். ஒரு பகல், ஒரு இரவு, கூட்டம் மிகுந்த ஒரு மாலை. கையில் வேலை எதுவும் கொடுக்காமல், பார்ப்பதற்கு மட்டும்.

பொருட்கள் இருக்கும் இடம் முதலில் கைக்குப் பழக வேண்டும். அவசர டிராலியின் எந்த அறையில் எது இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு. இதற்குத் தனி வகுப்பெல்லாம் தேவையில்லை. ஷிப்ட் தொடக்கத்தில் டிராலியைச் சரிபார்க்கும் வேலையை முதல் வாரங்களில் அவரிடமே கொடுத்தால் போதும். இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டரைச் சோதித்துப் பார்ப்பதும், தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா, சளியை உறிஞ்சும் சக்ஷன் இழுக்கிறதா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பாக இருக்கட்டும். வேறெங்கோ ஒரு பயிற்சி மையத்தில் வேறொரு மிஷினில் கற்றுக்கொண்டவர், நம் மிஷினின் பொத்தானைத் தேடுவதில் நொடிகளை இழக்கிறார்.

இதய இயக்க மீட்புப் (சி.பி.ஆர்.) பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் போதும் என்று நினைக்கும் வழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், 5 முதல் 6 செ.மீ. ஆழம், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுமையாக மேலெழ விடுவது, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுவது: இவற்றைத் தேர்வில் எழுதிவிடலாம். கை மறந்துவிடும். பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே அந்தத் திறன் மங்கத் தொடங்குவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, எங்கள் உயிர்காப்பு அறையிலேயே, எங்கள் டிராலியை வைத்தே, பொம்மை மீது பத்து நிமிடம் பழகுவதை வாடிக்கையாக்குங்கள். அதற்கு ஒரு பொம்மையும் உங்கள் அனுமதியும்தான் தேவை.

மருந்துகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நடக்கும் குழப்பம் உயிரை வாங்கக்கூடியது. அட்ரினலின். ஒரு மி.லி.யில் ஒரு மி.கி. உள்ள அதே ஆம்பூல்தான் (மருந்துக் குப்பி) இரண்டு தேவைகளுக்கும். கடும் ஒவ்வாமையில் மூச்சுத் திணறி வரும் வயது வந்தவருக்கு அதில் பாதி, அதாவது 0.5 மி.கி., தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். இதயம் நின்றுபோனவருக்கு 1 மி.கி. சிரை (ரத்தக்குழாய்) வழியாக, 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. நாடித்துடிப்போடு விழித்திருக்கும் ஒவ்வாமை நோயாளிக்கு இரண்டாவது முறையைச் செய்துவிட்டால், அந்த இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றே போகக்கூடும். வார்டில் அட்ரினலினை அரிதாகவே தொட்டிருப்பார். "அட்ரினலின் போடுங்கள்" என்று யாரோ கத்தும்போது, "எவ்வளவு, எந்த வழியில்?" என்று திருப்பிக் கேட்கும் துணிவை அவருக்கு முதல் வாரமே கொடுத்துவிட வேண்டும். கேட்டதற்காக அவரை யாரும் முறைக்காமல் பார்த்துக்கொள்வது மூத்தவர்களான எங்கள் கடமை. அதை விதியாக எழுதிக்கொடுப்பது உங்கள் கடமை.

வாய்மொழி உத்தரவு என்பதே வார்டிலிருந்து வருகிறவருக்குப் புதிது. அங்கே எழுதியிருப்பதைப் பார்த்துக் கொடுத்துப் பழகியவர். இங்கே கேட்டதை உரக்கத் திருப்பிச் சொல்லி, கொடுத்த பிறகு "கொடுத்துவிட்டேன்" என்றும் நேரத்தோடு சொல்ல வேண்டும். இதைப் பழக்க நான் கடைப்பிடிக்கும் வழி ஒன்று உண்டு. உயிர்காப்பு நடக்கும்போது நேரக்குறிப்பு எழுதும் செவிலியருக்குப் பக்கத்தில் புதியவரை நிறுத்தி, அவர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்துவிடுவேன். இருவரும் தனித்தனியாக எழுதுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எந்த மருந்தை அவர் கவனிக்கவில்லை, எப்போது இதயத் துடிப்பின் தாளத்தைச் சரிபார்த்தார்கள், எந்த உத்தரவுக்குப் பதில் வரவில்லை என்பதெல்லாம் அந்தத் தாள்களில் தெரிந்துவிடும். மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டிய தாளம் எது, மார்பு அழுத்தத்தை மட்டும் தொடர வேண்டிய தாளம் எது என்ற பாடமும் அங்கேயே நடந்துவிடும்.

இனி டிரையேஜ், அதாவது வருகிறவர்களில் யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று தீவிரத்தை வைத்து வரிசைப்படுத்துவது. இதைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. வாசலில் உட்கார்ந்து பெயரும் ரத்த அழுத்தமும் எழுதும் எளிய வேலை என்று எண்ணி, புதிதாக வந்தவரை முதலில் அங்கேதான் உட்காரவைக்கிறார்கள். பிரிவிலேயே மிகக் கடினமான நாற்காலி அது. நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் லாரே, பதவியைப் பார்க்காமல் காயத்தின் தீவிரத்தைப் பார்த்து வரிசைப்படுத்தத் தொடங்கிய காலத்திலிருந்து, அது அனுபவசாலியின் கண் கேட்கும் வேலையாகவே இருந்துவருகிறது. இன்று பல நாடுகளில் ஐந்து நிலை முறைகள் நடைமுறையில் உள்ளன. ஆஸ்திரேலியாவின் முறையில் முதல் நிலைக்கு உடனடிச் சிகிச்சை, அடுத்தடுத்த நிலைகளுக்கு 10, 30, 60, 120 நிமிடங்கள் என்று காத்திருப்பின் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியில் உருவான அவசரத் தீவிரக் குறியீட்டில், கீழ் மூன்று நிலைகளைப் பிரிப்பதே இந்த நோயாளிக்கு எத்தனை வகைப் பரிசோதனைகளும் சிகிச்சைகளும் தேவைப்படும் என்ற கணிப்பை வைத்துத்தான். உள்ளே நோயாளிகளுக்கு என்ன நடக்கிறது என்று பல மாதங்கள் பார்த்திராத ஒருவர் அதை எப்படிக் கணிப்பார்?

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. உரக்க அழும் குழந்தையைவிட, அம்மா தோளில் சாய்ந்து எதையும் கவனிக்காமல் இருக்கும் குழந்தைதான் எனக்குக் கவலை தருவது. குழந்தைகளின் உடல் ரத்த அழுத்தத்தைக் கடைசி வரை விடாமல் பிடித்து வைத்திருக்கும். அது இறங்கிய பிறகு நமக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அதற்கு முன்பே நாடி வேகமாகிறது, கைகால் குளிர்கிறது, நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்பத் தாமதமாகிறது. பெரியவர்களிடமும் முதலில் பேசுவது பெரும்பாலும் மூச்சின் வேகம்தான். ஆனால் எந்தக் கேஸ் ஷீட்டைத் திறந்தாலும், உண்மையில் எண்ணாமல் வழக்கமான ஓர் எண்ணைப் போட்டு நிரப்பியிருப்பது அந்தக் கட்டத்தில்தான். புதியவருக்கு நான் முதல் நாளே சொல்வது: முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள், உங்களை அவசரப்படுத்துகிறவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பக்கவாதச் சந்தேகம் உள்ளவர் வந்தால் கேட்க வேண்டிய கேள்வியும் இப்படித்தான். "எப்போது ஆரம்பித்தது?" என்று கேட்டால் "காலையில் எழுந்தபோது" என்பார்கள். கேட்க வேண்டியது, கடைசியாக இவர் நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கான 4.5 மணி நேரம் அந்தக் கணத்திலிருந்துதான் எண்ணப்படுகிறது. கேட்டுக்கொண்டே விரல் நுனியில் சர்க்கரை அளவையும் பார்த்துவிட வேண்டும். சர்க்கரை இறங்கிப்போனவரும் ஒரு பக்கம் செயலிழந்தவர்போலவே வந்து படுப்பார். இதையெல்லாம் கற்றுத் தேர்ந்த பிறகு, மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, கடைசிக் கட்டமாகத்தான் புதியவரை டிரையேஜ் நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும்.

சட்டம் சார்ந்த வேலைகளையும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கத்திக்குத்துக் காயத்தோடு வருகிறவரின் சட்டையை வெட்டும்போது கத்திரிக்கோல் அந்தத் துளை வழியாகப் போகக் கூடாது. துளையை விட்டு விலகி வெட்ட வேண்டும். ரத்தம் தோய்ந்த துணியை பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரத்தில் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுப்போகும். காகிதப் பைதான் வேண்டும். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை எழுதி வைக்க வேண்டும். உயிரைக் காப்பாற்றும் அவசரத்தில் இதுவும் நினைவில் இருக்க வேண்டுமானால், முன்பே ஒருமுறையாவது கையால் செய்து பார்த்திருக்க வேண்டும்.

உறவினர்களின் கோபம் பற்றியும் ஒரு வார்த்தை. மருத்துவமனையில் செவிலியர்கள் மிக அதிகமாக வசவையும் அடியையும் எதிர்கொள்ளும் இடங்களில் எங்கள் பிரிவும் ஒன்று. நிலைமை சூடாகும்போது எங்கே நிற்பது, கதவுக்கும் தனக்கும் நடுவில் யாரும் வந்துவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, பாதுகாவலரை எப்போது அழைப்பது என்பவை பயிற்சியில் இடம்பெற வேண்டும். பொறுத்துப் போங்கள் என்ற அறிவுரையைப் பயிற்சிக் கணக்கில் எழுதாதீர்கள்.

ஒருவருக்கு ஒருவர் என்று வழிகாட்டியை நியமிக்க வேண்டும். "எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்" என்றால் யாரும் பார்த்துக்கொள்வதில்லை. இருவருக்கும் ஒரே ஷிப்ட் அமைய வேண்டும். வழிகாட்டிக்கு வழக்கமான படுக்கை எண்ணிக்கையைக் குறைத்தாக வேண்டும். முழுச் சுமையையும் தலையில் வைத்துவிட்டு, கூடவே கற்றுக்கொடுக்கவும் சொன்னால் இரண்டும் அரைகுறையாகும். நன்றாக வேலை செய்கிற எல்லோருக்கும் கற்றுக்கொடுக்க வராது என்பதையும் கவனியுங்கள். பொறுமை உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள், அவர் சற்று நிதானமாக வேலை செய்கிறவராக இருந்தாலும் சரி.

எங்கள் பிரிவில் நேரும் மரணம் வார்டு மரணத்தைப் போன்றது அல்ல. வார்டில் நாட்கணக்கில் பழகியவர் போகும்போது பெரும்பாலும் மனம் ஓரளவு தயாராகியிருக்கும். இங்கே காலையில் வீட்டிலிருந்து நடந்து வெளியே வந்தவர், மதியம் நம் கைக்கடியில் போய்விடுகிறார். பெயர்கூடச் சில நேரம் தெரிவதில்லை. அடுத்த ஸ்ட்ரெச்சர் உடனே உள்ளே வருகிறது. ஜோனதன் பார்ட்டெல்ஸ் என்ற அமெரிக்கச் செவிலியர் தொடங்கிவைத்த ஒரு வழக்கம் இன்று பல மருத்துவமனைகளில் பரவியிருக்கிறது. உயிர்காப்பு முயற்சி பலிக்காதபோது, அறையில் இருக்கும் எல்லோரும் கையிலிருப்பதை வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் நிற்கிறார்கள். இறந்தவருக்கும், முயன்றவர்களுக்கும் அந்த நேரம் உரியது. இதற்குப் பணம் தேவையில்லை, நிர்வாகம் தடுக்காமல் இருந்தால் போதும். புதியவர் சந்திக்கும் முதல் மரணத்துக்குப் பிறகு, அவரை நேராக அடுத்த படுக்கைக்கு அனுப்பாதீர்கள். வழிகாட்டியோடு ஒரு டீ குடிக்கும் நேரமாவது கொடுங்கள். என்ன நடந்தது, எது சரியாக நடந்தது என்று அவர் வாயால் சொல்லட்டும்.

மாற்றலாகி வருகிறவரிடமிருந்து நாங்கள் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். உள்நோயாளிப் படுக்கை காலியாகாமல் ஸ்ட்ரெச்சரிலேயே பல மணி நேரம் கிடக்கும் முதியவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று முதலில் நினைவூட்டுகிறவர் வார்டிலிருந்து வந்த செவிலியர்தான். வழக்கமாகச் சாப்பிடும் இரவு மாத்திரை விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கிறவரும் அவரே. புண் வராமல் காப்பது, வீட்டாரோடு பொறுமையாகப் பேசுவது, வீட்டுக்குப் போகும்போது மருந்தை விளக்குவது என்று எங்கள் வேகத்தில் தேய்ந்துபோன பழக்கங்களை அவர் கொண்டுவருகிறார். அந்த மரியாதையோடு அவரை வரவேற்றால் கேள்வி கேட்கும் துணிவும் தானாக வரும்.

ஆள் பற்றாக்குறையில் இதற்கெல்லாம் எங்கே போவது என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். பட்டியலை நிரப்புவது எவ்வளவு பாடு என்பதை அறிவேன். ஆனால் தயாரிப்பின்றித் தள்ளப்பட்டவர்கள் சில மாதங்களில் மாற்றல் கேட்டும், நீண்ட விடுப்பு எடுத்தும், வேலையையே விட்டும் போவதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அந்த இடத்துக்கு இன்னொருவரை அதே மாதிரி தள்ள வேண்டியிருக்கிறது. நிலைத்து நிற்கிற ஒருவரை உருவாக்க ஆகும் சில வாரங்களைவிட, இந்தச் சுழற்சியில் கரையும் காலம் அதிகம்.

எத்தனை வாரம் என்று எல்லோருக்கும் ஒரே கணக்குப் போடவும் வேண்டாம். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வருகிறவருக்கு மானிட்டரும் வென்டிலேட்டரும் புதிதல்ல. கூட்டமும் வரிசைப்படுத்தலும்தான் புதிது. பொது வார்டிலிருந்து வருகிறவருக்கு நேர் மாறாக இருக்கும். வழிகாட்டியும் புதியவரும் சேர்ந்து, இதைத் தனியாகச் செய்ய முடியும் என்று கையெழுத்திட்ட பிறகு அடுத்த கட்டத்துக்கு நகர்த்துங்கள். இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்று அவரே சொன்னால் அதைக் குறையாக அவர் கோப்பில் எழுதாதீர்கள்.

அடுத்த மாதப் பட்டியலில் எங்கள் பிரிவுக்கு ஒருவரை மாற்றப் போகிறீர்கள் என்றால், அவரை முதலில் அழைத்துப் பேசுங்கள். அவர் பெயருக்கு நேராக வழிகாட்டியின் பெயரையும் எழுதுங்கள். ஆள்கணக்கில் சேராத நாட்கள் எதுவரை என்ற தேதியையும் அதே வரியில் குறித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மரியாதையுடன்,
அவசர சிகிச்சைப் பிரிவின் செவிலியர் ஒருவர்